டோனி லெவினின் தனி ஆல்பங்களைத் தேடி வாங்குவது எப்படி? பட்டியல் முதல் சுங்கவரி வரை

கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவையும் பாடகர் பீட்டர் கேப்ரியலையும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் "இந்த பேஸ் கிட்டார் வாசிப்பவர் யார்?" என்று பெயரைத் தேடியிருப்பீர்கள். மொட்டைத்தலை, பெரிய மீசை, கையில் கிட்டார் போலவும் பலகை போலவும் ஸ்டிக் என்று ஒரு கருவி. டோனி லெவின். அடுத்த யோசனை, அவர் தனியாக என்ன செய்திருக்கிறார் என்பது. நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சென்னையில் இருந்துகொண்டு அவருடைய ஆல்பங்களைச் சேர்க்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதில் முதல் வருடம் முழுக்க வீண். வேறொரு டோனி லெவினின் சிடியை வாங்கினேன், ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டில் தவறானதை வாங்கினேன், ஒரு பார்சல் சுங்கத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்தது. பிழை பெரும்பாலும் என்னுடையதே. நீங்கள் இதே குழிகளில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வாழ்க்கை வரலாறு எல்லாம் இங்கே கிடையாது, அது எங்கும் கிடைக்கும்.

1. முதலில் பட்டியல், பிறகுதான் பர்ஸ்

லெவின் பெயர் அச்சாகியிருக்கும் ஆல்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஜான் லெனனின் 1980 ஆல்பத்திலும் இருப்பார், பிங்க் ஃபிளாய்டின் 1987 ஆல்பத்திலும் இருப்பார். அதெல்லாம் கூலிக்கு வாசித்தது. நன்றாகத்தான் வாசித்திருக்கிறார், ஆனால் அந்த இசை அவருடையது அல்ல. எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பினால் வீட்டில் இடமும் கையில் காசும் போதாது. ஆகவே ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில் அவர் பெயரிலேயே வந்தவை:

"வேர்ல்ட் டைரி" (1995), "வாட்டர்ஸ் ஆஃப் ஈடன்" (2000), "பீசஸ் ஆஃப் தி சன்" (2002), அதே இசைக்குழுவோடு மேடையில் பதிவான இரட்டை சிடி "டபுள் எஸ்பிரெஸோ" (2002), "ரெசனேட்டர்" (2006), "ஸ்டிக் மேன்" (2007), கடைசியாக "பிரிங்கிங் இட் டவுன் டு தி பேஸ்" (2024).

அவ்வளவுதான். ஏழே ஏழு. இதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது பத்தியில் கூட்டாகச் செய்தவை. இதுதான் நீளம். ஸ்டீவ் கார்ன், ஜெர்ரி மரோட்டாவோடு "ஃப்ரம் தி கேவ்ஸ் ஆஃப் தி அயர்ன் மவுண்டன்" (1997). டெரி போஸியோ, ஸ்டீவ் ஸ்டீவன்ஸோடு "பிளாக் லைட் சிண்ட்ரோம்" (1997), "சிச்சுவேஷன் டேஞ்சரஸ்" (2000). பில் புரூஃபோர்டோடு "புரூஃபோர்ட் லெவின் அப்பர் எக்ஸ்ட்ரீமிட்டீஸ்" (1998), அதன் மேடைப்பதிவு "பி.எல்.யு.இ. நைட்ஸ்" (2000). டிரீம் தியேட்டர் என்ற ராக் குழுக்காரர்களோடு "லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்", 1998, 1999, 2021 என்று மூன்று. டேவிட் டோர்ன், ஆலன் ஒயிட்டோடு "லெவின் டோர்ன் ஒயிட்" (2011). மார்கோ மின்னெமன், ஜோர்டன் ரூடெஸோடு 2013இல் ஒன்று, 2016இல் ஒன்று. அண்ணன் பீட் லெவினோடு "லெவின் பிரதர்ஸ்" (2014). இதற்கெல்லாம் மேலே ஸ்டிக் மென் என்ற குழு. அது தனிக் கடல், கீழே வருகிறேன்.

இதில் இல்லாதது எது கண்ணில் பட்டாலும் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள்.

2. வாங்கும் முன் கேளுங்கள், ஆண்டு வரிசையில் வேண்டாம்

நான் செய்த முட்டாள்தனம், 1995இல் ஆரம்பித்து வரிசையாக வாங்கியது. இந்த மனிதர் ஒரே பாணியில் இரண்டு ஆல்பம் செய்பவர் அல்ல. ஆகவே ஆண்டு வரிசை உங்களுக்கு எதுவும் சொல்லாது. ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதை முதலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து முதல் சிடியைத் தேர்ந்தெடுங்கள்.

டிரீம் தியேட்டர் வழியாக வந்தவர் என்றால் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்டின் முதல் ஆல்பம். மைக் போர்ட்னாய், ஜான் பெட்ரூச்சி, ஜோர்டன் ரூடெஸ், லெவின். கடைசியில் "த்ரீ மினிட் வார்னிங்" என்று ஒன்று வரும். பெயரில்தான் மூன்று நிமிடம். ஓடுவது 28 நிமிடத்துக்கு மேல். அதை முதல் நாளே கேட்டுவிட்டு "இது எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டாதீர்கள். முன்னால் இருப்பதைக் கேட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

கிங் கிரிம்சன் வழியாக வந்தவருக்கு புரூஃபோர்டோடு செய்தது. கிறிஸ் போட்டியின் டிரம்பெட்டும் டேவிட் டோர்னின் கிட்டாரும் அதில் உண்டு. கிரிம்சனின் இறுக்கமும் இருக்கும், கொஞ்சம் காற்றோட்டமும் இருக்கும். என் அளவில் இவருடைய கூட்டு ஆல்பங்களில் இதுதான் முதலிடம். இதைப் பற்றி நண்பர்களோடு சண்டை போட்டாயிற்று, முடிவை மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஜாஸ் காதுக்காரருக்கு "லெவின் பிரதர்ஸ்". சின்னச் சின்ன உருப்படிகள், 1950களின் ஜாஸ் மணம். இதில் லெவின் செல்லோவையும் எடுத்து விரலால் மீட்டுகிறார். சத்தம் பிடிக்காத வீட்டாரை வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய ஒரே லெவின் ஆல்பம் என்று என் மனைவி சான்று கொடுத்திருக்கிறார்.

நம் சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இரண்டு வாசல்கள். "வேர்ல்ட் டைரி" லெவின் ஊர் ஊராகப் போய் வெவ்வேறு கலைஞர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தது. அதில் வயலின் எல். சங்கர் இருக்கிறார், சக்தி குழுவின் அதே சங்கர்தான். இன்னொன்று "ஃப்ரம் தி கேவ்ஸ் ஆஃப் தி அயர்ன் மவுண்டன்", சுருக்கமாக "கேவ்ஸ்". அதில் ஸ்டீவ் கார்ன் வாசிப்பது நம்மூர்ப் பக்கத்து மூங்கில் புல்லாங்குழலான பான்சுரி. நியூயார்க் மாநிலத்தின் ரோசன்டேலில் ஒரு பழைய சிமெண்ட் சுரங்கம் இருக்கிறது, விடோ ஜேன் என்று பெயர். அதற்குள் இறங்கிப் பதிவு செய்தது.

"ரெசனேட்டர்" பற்றி ஒரே வார்த்தை: இதில் அவர் பாடுகிறார். அதை எதிர்பார்த்து வாங்குங்கள், எதிர்பாராமல் வாங்காதீர்கள்.

3. பெயர்க் குழப்பங்கள், இங்கேதான் காசு போகும்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

முதல் குழி: டோனி லெவின் இரண்டு பேர். இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு ஜாஸ் டிரம்மர் இருந்தார். 1940இல் பிறந்து 2011இல் காலமானவர். மியூஜிஷியன் என்ற குழுவில் பியானோ கலைஞர் கீத் டிப்பெட்டோடு வாசித்தவர். அந்த கீத் டிப்பெட் கிங் கிரிம்சனின் பழைய ஆல்பங்களிலும் பியானோ வாசித்தவர். "லெவின், டிப்பெட், சரி, கிரிம்சன் கும்பல்தான்" என்று நானே கணக்குப் போட்டு மியூஜிஷியன் சிடி ஒன்றை வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்து பின்பக்கம் பார்த்தால் லெவின் பெயருக்கு நேரே டிரம்ஸ். நல்ல இசைதான், ஆனால் நான் தேடியது அது அல்ல. விற்பவரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஆகவே பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பெயருக்குப் பக்கத்தில் என்ன கருவி போட்டிருக்கிறது என்று பாருங்கள். பேஸ், ஸ்டிக், அப்ரைட் (நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்), செல்லோ, இந்த நான்கில் ஒன்று இருந்தால் நம்மாள். டிரம்ஸ் என்றால் மற்றவர்.

இரண்டாவது குழி: "ஸ்டிக் மேன்" என்பது 2007இல் வந்த லெவினின் தனி ஆல்பம். "ஸ்டிக் மென்" என்பது அதற்குப் பிறகு உருவான குழு. லெவின், டிரம்ஸில் பாட் மாஸ்டெலோட்டோ, முதலில் மைக்கேல் பெர்னியர், அவருக்குப் பின் மார்கஸ் ராய்ட்டர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டும். விற்பவர்களே மாற்றிப் பதிவிடுவதும் உண்டு, அப்படி ஒருவர் போட்டதை நம்பி நான் ஏமாந்தேன். அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மூன்றாவது: லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்டும் லிக்விட் ட்ரியோ எக்ஸ்பெரிமென்டும் வேறு வேறு. இரண்டாவது ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருந்தபோது பெட்ரூச்சி மனைவியின் பிரசவத்துக்காகக் கிளம்பிவிட்டார். மிச்சமிருந்த மூன்று பேர் சும்மா இருக்காமல் வாசித்த ஒத்திகைதான் 2007இல் "ஸ்பான்டேனியஸ் கம்பஸ்சன்" என்ற பெயரில் ட்ரியோவாக வந்தது. கிட்டார் இல்லை. பெட்ரூச்சிக்காக வாங்குபவர் கவனம்.

நான்காவது குழியைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. கூட்டு ஆல்பங்களில் பெரும்பாலும் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில்தான் நிற்கின்றன. போஸியோ லெவின் ஸ்டீவன்ஸ். புரூஃபோர்ட் லெவின். கார்ன் லெவின் மரோட்டா. லெவின் டோர்ன் ஒயிட். லெவின் மின்னெமன் ரூடெஸ். கூட்டாளியின் பெயர் லெவினுக்கு முன்னால் வரும் எழுத்தில் தொடங்கினால் கடை அலமாரியிலும் இணையப் பட்டியலிலும் ஆல்பம் அவர் பெயரின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். லெவின் என்று தேடினால் வராது. "கேவ்ஸ்" கிடைக்கவே கிடைக்காது என்று இரண்டு மாதம் புலம்பினேன். கார்ன் என்று தேடினேன், அன்றைக்கே கிடைத்தது.

புரூஃபோர்ட் மேடைப்பதிவின் பெயரில் புள்ளி வைத்த எழுத்துகள் வருகின்றன. புள்ளியோடு ஒரு முறை, புள்ளி இல்லாமல் ஒரு முறை தேடுங்கள்.

4. எந்த வடிவம்?

சிடி. என் பதில் அவ்வளவுதான். இவருடைய தனி ஆல்பங்களில் பெரும்பகுதி சிடி காலத்தில் பிறந்தவை, சிடிக்காகவே பதிவானவை. 2014 முதல் வந்தவற்றில் எல்பியும் (பெரிய வினைல் இசைத்தட்டு) உண்டு, "லெவின் பிரதர்ஸ்", 2024 ஆல்பம் போன்றவை. எல்பி மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள், ஆனால் எடையை நினைத்துப் பாருங்கள். பெட்டியோடு ஒரு சிடி சுமார் 100 கிராம். ஒரு எல்பி அட்டை, பாதுகாப்பு அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து அரைக் கிலோவைத் தொடும், இரட்டை எல்பி என்றால் அதற்கும் மேல். வெளிநாட்டுத் தபாலில் காசு எடைக்குத்தான்.

டிஜிட்டலாக வாங்கினால் சுங்கமும் இல்லை, தபாலும் இல்லை. பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்கும் தளங்களில் கிடைப்பவற்றை ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு) வடிவில் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டிக் மென் மேடைப்பதிவுகளுக்கு இதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அவை நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் சிடியாக வாங்கினால் திவால்தான். குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்களில் "ப்ராக் நுவார்" (2016) ஒன்றையும், மேடைப்பதிவில் "ஓவாரி" (2020) ஒன்றையும் சிடியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை டிஜிட்டலில் போதும். "ஓவாரி" என்றால் ஜப்பானிய மொழியில் முடிவு. 2020 பிப்ரவரி கடைசியில் ஜப்பானின் நகோயாவில் வாசித்தார்கள், பிறகு கொரோனா வந்து சுற்றுப்பயணமே நின்றது. பெயர் அப்படித்தான் வந்தது.

5. எங்கே வாங்குவது

லெவினுக்குச் சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது, பாப்பா பேர் ரெக்கார்ட்ஸ். "வேர்ல்ட் டைரி", "கேவ்ஸ்", புரூஃபோர்டோடு செய்தவை, "ஸ்டிக் மேன்" எல்லாம் அதன் வழியாக வந்தவை. இந்த முத்திரை இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அவருடைய சொந்தத் தளத்தின் கடையை முதலில் பாருங்கள். இருப்பு இருந்தால் அங்கேயே வாங்குங்கள், காசு நேரே கலைஞருக்குப் போகும். ஆனால் ஒன்று, அது பெரிய கிடங்கு வைத்த கடை அல்ல. இன்று ஆர்டர் போட்டால் நாளை கிளம்பும் என்று நினைக்காதீர்கள்.

"வாட்டர்ஸ் ஆஃப் ஈடன்", "பீசஸ் ஆஃப் தி சன்" இரண்டும் நராடா நிறுவனத்தில் வந்தவை. நராடா என்றாலே தியான இசை என்று கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு நியூ ஏஜ் வரிசையில் போட்டுவிடுகிறார்கள். பழைய சிடி விற்பவரின் பட்டியலில் ராக் பகுதியில் இல்லையென்றால் அங்கே போய்ப் பாருங்கள். யாரும் தேடாத இடம் என்பதால் விலையும் குறைவாக இருக்கும். என் "வாட்டர்ஸ் ஆஃப் ஈடன்" 4 டாலருக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

போஸியோவோடு செய்ததும், லிக்விட் டென்ஷனின் முதல் இரண்டும் மேக்னா கார்ட்டா வெளியீடு. மூன்றாவது இன்சைட் அவுட். இவை சுற்றில் நிறைய இருக்கின்றன, அவசரப்பட்டு அதிக விலை கொடுக்காதீர்கள்.

பழைய சிடிகளுக்கு டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தைதான் வழி. அங்கே ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் இருக்கும். முதுகு அட்டையில் உள்ள வெளியீட்டு எண்ணை ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். "ப்ரோமோ" (விளம்பரத்துக்குக் கொடுத்த பிரதி) என்று போட்டிருந்தால் அட்டை வெட்டுப்பட்டோ துளையிட்டோ இருக்கலாம். "அன்அஃபிஷியல்" என்றால் திருட்டுப் பதிப்பு. வானொலி ஒலிபரப்பைச் சுட்டு விற்பவை அதில் அதிகம், ஒதுங்கிவிடுங்கள்.

6. "குட்" என்றால் குட் இல்லை

பழைய இசைத்தட்டு விற்பவர்கள் கோல்ட்மைன் என்ற தரவரிசையைப் பின்பற்றுகிறார்கள். மேலிருந்து கீழாக: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், அப்புறம் குட், ஃபேர், புவர். "குட்" என்று பார்த்து நல்ல நிலையில் இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் குட் என்றால் நன்றாகவே அடிபட்டது. சிடியில் வெரி குட் பிளஸுக்குக் கீழே போகாதீர்கள். இரண்டு தரம் போட்டிருப்பார்கள், ஒன்று வட்டுக்கு, ஒன்று அட்டைக்கு. அட்டைக்குப் போட்ட தரத்தைப் பார்த்து வட்டுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், இதையும் நான் செய்தேன்.

வட்டின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

7. ஆவணங்கள்

என் பார்சல் ஐந்து வாரம் நின்றது இங்கேதான்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரும் எதற்கும் பெறுபவரின் அடையாளச் சரிபார்ப்பு கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் போன்றவற்றில் ஒன்று. குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ ஓர் இணைப்பு வரும், அங்கே ஏற்ற வேண்டும். (அந்த இணைப்பு போலியா என்று முதலில் பாருங்கள். கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் ட்ராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு ஏற்றுங்கள். "வரி பாக்கி, இந்த லிங்க்கில் 40 ரூபாய் கட்டவும்" என்று வருவதெல்லாம் மோசடி.)

சிக்கல் நம் பெயரில் இருக்கிறது. நமக்கு இனிஷியல். அமெரிக்கக் கடையின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும், கடைசிப் பெயரைக் காலியாக விட முடியாது. நான் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். ஆதாரில் இருந்தது ஒற்றை எழுத்து. பானில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். மூன்றும் மூன்று ஆட்கள் போல இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? கடிதம் எழுதி, படிவம் நிரப்பி, தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் அப்பா பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, ஐந்து வாரம்.

அதனால் எந்த அடையாள அட்டையைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை ஆர்டர் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் போடுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்காத கடை என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, பாஸ்போர்ட்டையே கொடுங்கள். முகவரியும் அப்படித்தான். வாடகை வீடு மாறியிருந்தால் முகவரிச் சான்றாக வேறொன்று கேட்கலாம், கையில் வைத்திருங்கள்.

இன்னும் கையில் இருக்க வேண்டியவை:

விலை, எண்ணிக்கை, அனுப்புச் செலவு தனித்தனியாகத் தெரியும் இன்வாய்ஸ். டிஸ்காக்ஸ் ஆர்டர் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டால் போதும்.

பணம் கட்டியதற்கான ஆதாரம், அட்டையின் அறிக்கை அல்லது வங்கிக் குறுஞ்செய்தி. இன்வாய்ஸ் தொகையை நம்பாவிட்டால் இதைக் கேட்பார்கள்.

பொருள் என்ன என்ற ஒரு வரி: இசை சிடி, பயன்படுத்தியது, சொந்த உபயோகத்துக்கு, இத்தனை எண்ணிக்கை. ஒரே ஆல்பத்தில் மூன்று பிரதிகள் வரவழைத்தால் விற்க வாங்குகிறீர்களோ என்ற கேள்வி வரும். நண்பர்களுக்கும் சேர்த்து வாங்குபவர்கள் கவனிக்க.

"கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வரி வராது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பொய் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பார்சல் தொலைந்தால் எழுதிய தொகைதான் திரும்பக் கிடைக்கும்.

சாதாரண தபாலில் வந்தால் இவ்வளவு தொல்லை இராது. வரி போட்டிருந்தால் தபால்காரர் சீட்டோடு வருவார், காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

8. செலவு

வரி சிடியின் விலைக்கு மட்டும் இல்லை. விலையோடு அனுப்புச் செலவையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு வரி. 4 டாலர் சிடிக்கு 18 டாலர் தபால் கொடுத்தால் 22 டாலருக்கு வரி. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் நான் சதவீதத்தைச் சொல்லப்போவதில்லை. என் வழக்கம், மொத்தத்தில் முக்கால் பங்கை வரிக்கென்று ஒதுக்கிவிடுவது. குறைவாக வந்தால் லாபம்.

என் கைக்கணக்கு இப்படி. ஒரு சிடி 15 டாலர், அனுப்ப 18 டாலர், ஆக 33. முக்கால் பங்கு வரி சேர்த்தால் 58 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதே விற்பவரிடம் நான்கு சிடி வாங்கினால் 60, அனுப்ப 28, ஆக 88. வரி சேர்த்து 154. நான்கால் வகுத்தால் ஒன்றுக்கு 38.50. ஒன்றொன்றாக வாங்கினால் ஒரு சிடிக்கு 19 டாலர் வீண். இரண்டாவது வருடத்தில்தான் இந்தக் கணக்கைப் போட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எனவே ஒரே விற்பவரிடம் நான்கைந்து சேரும்வரை பொறுங்கள். லெவின் சிடி வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் கிரிம்சன், கேப்ரியல், புரூஃபோர்ட் சிடிகளும் இருக்கும். அவருடைய முழுப் பட்டியலையும் பாருங்கள்.

அமெரிக்க விற்பவர்கள் "மீடியா மெயில்" என்று மலிவாக ஒரு தபால் கட்டணத்தைக் காட்டுவார்கள். அது அந்நாட்டுக்குள் மட்டும் செல்லும். அதைப் பார்த்து மயங்கி மொத்தத்தைக் கணக்கிடாதீர்கள், இந்தியாவுக்கு என்ன என்று தனியாகக் கேளுங்கள்.

அட்டைக் கட்டணமும் உண்டு. என் வங்கி வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கிறது. பணம் கட்டும் திரை "ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?" என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் மாற்று விகிதம் போடுவார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அட்டையில் சர்வதேசப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

அமெரிக்காவிலிருந்து சாதாரண தபாலில் எனக்கு வந்தவை மூன்று முதல் ஏழு வாரம் எடுத்தன. கூரியர் என்றால் எட்டுப் பத்து நாள், ஆவணம் சரியாக இருந்தால். இடையில் ஒரு மௌனம் வரும். "பார்சல் நாட்டை விட்டுக் கிளம்பியது" என்ற செய்திக்குப் பிறகு இரண்டு வாரம் ட்ராக்கிங்கில் எதுவும் நகராது. தொலைந்துவிட்டது என்று நினைத்து விற்பவரோடு சண்டை போடாதீர்கள், அது பெரும்பாலும் விமானத்திலோ சுங்க வரிசையிலோ இருக்கும்.

அதற்காக ஒரேயடியாகக் காத்திருக்கவும் கூடாது. பேபால் வழியாகக் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாட்காட்டியில் 150ஆவது நாளைக் குறித்துவையுங்கள். "இன்னும் ஒரு வாரம் பாருங்கள்" என்று ஒரு விற்பவர் என்னை வாராவாரம் இழுத்தடித்து, அந்தக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் விழித்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஆர்டர் போடாதீர்கள். அங்கே கிறிஸ்துமஸ் நெரிசல், இங்கே சென்னையில் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரவேண்டிய பார்சல் என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போடச் சொல்லுங்கள். நனைந்த அட்டையை எந்தத் தரவரிசையிலும் சேர்க்க முடியாது. எல்பி என்றால் இசைத்தட்டை அதன் அட்டைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரம் கிழிந்துவிடும்.

10. பெட்டி வந்ததும்

திறக்கும்போது கைபேசியில் படம் எடுங்கள், முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பித்து, வட்டை வெளியே எடுக்கும்வரை. சிடிப் பெட்டி உடைந்திருப்பது சகஜம், அதற்காகப் புகார் செய்ய வேண்டாம், உள்ளூரில் காலிப் பெட்டி கிடைக்கும். வட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அன்றைக்கே கணினியில் போட்டு ஃபிளாக் ஆக்கி வையுங்கள், எந்தப் பாட்டாவது பாதியில் நின்றால் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு பின்னட்டையை எடுத்து, லெவின் பெயருக்கு நேரே என்ன கருவி என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

"கேவ்ஸ்" வந்தால் மட்டும் ஸ்பீக்கரில் போடாதீர்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டி, ஐந்து நிமிடம் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், பரவாயில்லை.